முன்கூட்டியே இறக்கிய முடி

போன வருடம் பங்குனி மாதம் என் மகள் என்னுடைய போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவள் அமெரிக்காவில். நான் நயினார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மொட்டைத் தலையோடு. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு சோர்ந்துபோகிறது. திங்கட்கிழமை வழிபாட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தால் அழுகை வந்துவிடுகிறது. அதனால் அடியார்களே, எழுதிக் கொடுக்கிறேன்.

நாங்கள் மிளகாய் விவசாயம் செய்கிறவர்கள். ஒரே மகள் நாகவள்ளி. நயினார்கோவில் நாகநாதரிடம் கேட்டுப் பெற்ற பிள்ளை, அதனால் அந்தப் பெயர். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிதான் அவளைக் கரீபியன் தீவு ஒன்றில் மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட்டான். கடைசி வருடங்களில் படிப்பு அமெரிக்க ஆஸ்பத்திரிகளில். அவள் விமானம் ஏறிய அன்றே கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். "இவ டாக்டரானா என் முழு முடியையும் உனக்கு இறக்குறேன்" என்றேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று சண்டை போடுவாள்.

அங்கே டாக்டருக்குப் படித்தால் மட்டும் போதாது. ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் சில வருடம் பயிற்சி டாக்டராக இருந்தால்தான் தனியாக வைத்தியம் பார்க்க விடுவார்கள். அந்த இடம் கிடைப்பது நம் ஊரில் கல்யாணம் பேசுகிற மாதிரி. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிகளும் தங்களுக்குப் பிடித்த பிள்ளைகளைச் சொல்லும். இரண்டும் பொருந்தினால் முடிந்தது. பொருந்தாவிட்டால் அடுத்த வருடம்தான். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை முடிவு வரும். மே மாதம் பட்டமளிப்பு.

எங்களுக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் புரிந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை, கிடைக்காமலா போகும் என்று இருந்துவிட்டோம். பட்டமளிப்புக்கு நாங்களும் போவதாக விசா வாங்கியாயிற்று. அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"நேர்த்திக்கடன வச்சுக்கிட்டுக் கடல் தாண்டக் கூடாது. எங்க அய்யா காலத்துலயிருந்து அதான் வழக்கம். பாக்கி இல்லாமப் போவோம்."

"இன்னும் டாக்டராகலையே" என்றேன்.

"ஆன மாதிரிதான்" என்றார்.

மாசி மாதம் கோவில் குளக்கரையில் உட்கார்ந்து முடியை இறக்கினேன். இடுப்பு வரை இருந்த முடி. தலையில் சந்தனம் குளிர்ந்தது. மனசும் குளிர்ந்தது.

பங்குனி பிறந்து அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. வள்ளி போனில் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"கிடைக்கலம்மா."

மிஞ்சிய இடங்களுக்கு அந்த வாரமே இன்னொரு முறை கேட்கலாமாம். கேட்டாள். அதிலும் இல்லை.

பிறகு கல்லூரியில் ஒரு வழி சொன்னார்கள். இப்போதே பட்டம் வாங்கினால் மாணவி விசா முடிந்துபோகும், படித்து முடித்தும் இடம் கிடைக்காதவள் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். பட்டம் வாங்குவதை ஒரு வருடம் தள்ளி வைத்தால் அவள் இன்னும் மாணவிதான். மாணவியாகவே மறுபடி கேட்கலாம். ஆனால் கூடப் படித்தவர்கள் எல்லாம் அங்கி போட்டு மேடை ஏறும்போது அவள் மட்டும் கீழே நிற்க வேண்டும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. என் தம்பிதான் சொன்னான். அதற்குள் அவள் எங்களிடம் பேசுவதை விட்டிருந்தாள்.

ஊருக்குள் நடக்க முடியவில்லை. மொட்டையைப் பார்த்தவர்கள் எல்லாம் சந்தோஷமாகக் கேட்டார்கள். "ஏத்தா, நேர்ச்ச முடிஞ்சிருச்சா? வள்ளி டாக்டராயிருச்சா?" அவர்கள் மேல் தப்பில்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வேன். சாப்பாடு இறங்கவில்லை. வற்றல் காயப் போட்ட களத்துப் பக்கமே நான் போகவில்லை. நாகநாதர் முன்னால் நின்று சண்டை போட்டேன். "நான் குடுத்துட்டேன். நீ எங்க குடுத்த?" என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் நின்ற பெண் தள்ளிப் போனாள்.

சில நாளில் சண்டை போடவும் தெம்பு இல்லை. வேண்டுதலும் சுருங்கிப்போனது. டாக்டர் வேண்டாம், பட்டம் வேண்டாம், பிள்ளை ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று மட்டும் கேட்டேன். கொடுக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை. முடியும் போயிற்று.

பங்குனிக் கடைசியில் சொந்தக்காரர்கள் இராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டு வரச் சொன்னார்கள். நம்பிக்கையோடு போகவில்லை. மறுத்துப் பேச அலுப்பாக இருந்தது, போனேன். பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது வள்ளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. காலையில் அக்னி தீர்த்தக் கரையில் கடலில் முங்கிவிட்டு, ஈரச் சேலையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து கோவிலுக்குள் போகக்கூட முடியவில்லை. என் வீட்டுக்காரர் பையைக் காத்துக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது. வள்ளி. வீடியோவில்.

நான் அவசரமாக முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு எடுத்தேன். மாசியிலிருந்தே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். மொட்டையைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் பாரமாகும் என்று மறைத்தேன். அவள் முகம் இளைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"அம்மா, நாளைக்குள்ள காலேஜுக்குப் பதில் சொல்லணும். நான் ஒரு வருசமெல்லாம் இருக்க மாட்டேன். பட்டத்த வாங்கிட்டு ஊருக்கே வாரேன். எனக்கு முடியலம்மா."

வா என்று சொல்லவும் வாய் வரவில்லை, இரு என்று சொல்லவும் வரவில்லை. அப்போது கடலிலிருந்து ஒரு காற்று அடித்தது. முந்தானை நழுவித் தோளில் விழுந்தது.

அவள் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. டாக்டருக்குப் படித்த பிள்ளை. முடி இல்லாத தலையையும் வாடிய முகத்தையும் பார்த்தால் அவளுக்கு வேறு என்ன தோன்றும்?

"அம்மா! ஒனக்கு என்ன? கேன்சரா? எத்தன நாளா மறைக்கிறிய? அய்யாகிட்டப் போனக் குடு!"

கத்தினாள். நானும் அழுதேன், இல்லை இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் போனை வாங்கினார். "சாமிக்கு அடிச்ச மொட்டை, ஆத்தா. நாந்தான் அவசரப்பட்டு அடிக்கச் சொன்னேன்" என்றார். கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, இரண்டும்தான்.

"நான் இன்னும் ஆகவே இல்லையேம்மா. அதுக்குள்ள ஏம்மா அடிச்ச?"

"நீ ஆயிருவேன்னு நெனச்சேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அந்த முடி பின்னுற அளவுக்கு வளர எம்புட்டு நாளாகும்?"

"ஒரு வருசம் ஆகும் ஆத்தா."

"சரி. எனக்கும் ஒரு வருசம் ஆகும்" என்றாள்.

மறுநாளே பட்டமளிப்பைத் தள்ளி வைக்கிறேன் என்று கல்லூரிக்குச் சொல்லிவிட்டாள்.

அந்த வருடம் சுகமாகப் போகவில்லை. கூடப் படித்தவர்கள் மேடை ஏறிய அன்று அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி வேலைக்கு உதவியாகச் சேர்ந்தாள். போன முறை பெரிய ஊர்களை மட்டும் கேட்டிருந்தாள், இந்த முறை யாரும் போகத் தயங்கும் சின்ன ஊர்களையும் கேட்டாள். நான் ஒவ்வொரு திங்களும் கோவிலுக்குப் போனேன். புதிதாக எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. நின்றுவிட்டு வந்தேன், அவ்வளவுதான். முடி முள்ளு முள்ளாக முளைத்தது, அரித்தது, காதை மூடியது. வாரம் ஒருமுறை வள்ளி என் தலையைக் காட்டச் சொல்லிப் பார்ப்பாள்.

இந்த வருடம் பங்குனியில் மறுபடி அந்தத் திங்கட்கிழமை. சாப்பிட உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது.

"கிடைச்சிருச்சும்மா."

ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. சுற்றிலும் சோளக்காடாம். என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்க விடவில்லை.

மே மாதம் நாங்கள் கடல் தாண்டிப் போனோம். பட்டமளிப்பு அன்று காலையில் அங்கி மாட்டுவதற்கு முன் வள்ளி என்னை உட்கார வைத்து என் முடியைப் பின்னிவிட்டாள். குட்டையாக, எலிவால் மாதிரி ஒரு பின்னல். அதற்கே அவள் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.

அடியார்களே, முடியை முன்கூட்டியே இறக்கியது தப்பு என்று ஒரு வருடம் நொந்துகொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு என் தலையில் முடி இருந்திருந்தால், காற்று முந்தானையைத் தள்ளினாலும் அவள் எதையும் பார்த்திருக்க மாட்டாள். தோற்றுப்போன மனசோடு போனை வைத்திருப்பாள். நான் கேட்டது டாக்டர் பட்டம். நாகநாதர் முதலில் என் பிள்ளையைத் திருப்பித் தந்தார். பட்டம் பின்னால் வந்தது.

எனக்கு இன்னும் அலுப்புத் தீரவில்லை. அவளுக்கும்தான், ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பாதித் தூக்கத்தில் பேசுகிறாள். ஆனாலும் பேசுகிறாள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று தள்ளிப்போயிருக்கலாம். கோவிலுக்கு வந்து நில்லுங்கள். சொல்ல வார்த்தை இல்லாவிட்டால் சும்மா நில்லுங்கள். நானும் திங்கட்கிழமை அங்கேதான் இருப்பேன்.