வரிசையின் கடைசி ஆள்

என் மனைவி ஒரு மாணவர் விடுதியில் வெகுகாலம் சமையல் செய்தவள். பிள்ளைகள் 'மெஸ் அம்மா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்துக்கும் அதுவே அவள் பெயராகிவிட்டது. அவள் ஓய்வு பெற்ற சமயத்தில் சபையில் போதகர் ஓர் அறிவிப்புச் செய்தார். கடல் தாண்டிய நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு மிஷன் சோறு போடுகிறது, சமைக்க ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது. நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். இவள் கையைத் தூக்கிவிட்டாள்.

"என்னங்க, அங்க வண்டி ஓட்டவும் ஆள் வேணுமாம். உங்க பேரையும் குடுத்துட்டேன்."

யாரைக் கேட்டுக் கொடுத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மிஷனின் சமையலறை ஒரு பழைய கிடங்கில் இருந்தது. அதன் பொறுப்பாளர் அந்த நாட்டிலேயே குடியேறிவிட்ட தமிழ்ப் பெண், கறாரானவர். அவருடைய சட்டங்கள் இரண்டு. ஒரு தட்டுக்கு ஒரு கரண்டி. வேலை செய்கிறவர்களுக்குப் பின்னறையில் தனிப் பானை, அதில் கறியும் உண்டு. இரண்டாவது சட்டத்தில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

முதல் நாளே இவள் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்னங்க, மருந்து ஊத்துற கரண்டியா?" என்றவள், தட்டுக்கு இரண்டு கரண்டி போட்டாள். குழந்தைகளுக்கு மூன்று. "நல்லா சாப்பிடு கண்ணு" என்று பாஷை தெரியாத பிள்ளைகளிடம் தமிழிலேயே பேசினாள். அதுகளும் தலையை ஆட்டின.

அப்புறம் கரண்டி பானையின் அடியில் இடித்தது. வெளியே இன்னும் சில குடும்பங்கள் நின்றன. கடைசியில், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு ஒருத்தி.

"இதுக்குத்தான் அக்கா ஒரு கரண்டின்னு சொன்னேன். அவங்களை நாளைக்கு வரச் சொல்லிடலாம்" என்றார் பொறுப்பாளர்.

இவள் முகம் செத்துவிட்டது. விடுதியில் எவ்வளவு நேரம் கழித்து வந்தவனும் இவள் கையால் சாப்பிடாமல் படுத்ததில்லை.

"தப்பு என்னுதுதான் மேடம். ஆனா அவங்களுக்குப் பசி இன்னிக்குத்தானே வந்திருக்கு?"

நேரே பின்னறைக்கு வந்தாள். நான் ஜெபம் முடித்து அப்போதுதான் தட்டில் கை வைத்திருந்தேன்.

"கையை எடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து என் முன்னாலிருந்து தட்டை அவள் எடுத்தது அன்றுதான். பானையோடு தூக்கிக்கொண்டு போனாள். பொறுப்பாளர் வாசலை மறித்தார்.

"வேலை செய்யறவங்க பட்டினி கிடந்தா நாளைக்கு யாரு சமைப்பா? இப்படிப் பண்ணீங்கன்னா ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க. இவங்க சாப்பிட்டதும் பெட்டியைக் கட்டுறேன்."

பொறுப்பாளர் முறைத்தபடியே விலகினார். கடைசிப் பெண்ணின் தட்டில் சோறு விழுந்த பிறகுதான் இவள் மூச்சு விட்டாள். எங்களுக்கு அன்று டீயும் பன்னும்தான். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெருமை வந்தது. இவள் என் மனைவி என்று அங்கே இருந்த எல்லாரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லப் பாஷைதான் இல்லை.

மறுநாள் பொறுப்பாளர் பெட்டி பற்றிப் பேசவில்லை. இவளும் மாறிவிட்டாள். அடுப்பு மூட்டுமுன் வாசலுக்குப் போய்த் தலைகளைப் பார்த்துவிட்டு வந்து அரிசி போட்டாள். முதல் சுற்றுக்கு ஒரே கரண்டி, முணுமுணுக்காமல். எல்லாரும் வாங்கிய பிறகே மறுசோறு. தனிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். கறி பொதுப் பானைக்குப் போனது. நாங்கள் கடைசியில் சாப்பிட்டோம். என் தொப்பை வற்றியது.

பொறுப்பாளர் மட்டும் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து தன் அறையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஊர் திரும்ப இருந்த வாரத்தில் ஒரு மத்தியானம், வரிசையின் கடைசிக் குடும்பத்துக்குப் பின்னால் அவர் தட்டோடு நின்றார். டப்பாவைக் காணவில்லை.

"எனக்கும் இருக்குமா அக்கா?" என்றார், பழக்கமில்லாத குரலில்.

இவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? உங்களையும் சேர்த்துத்தானே தினமும் உலை வச்சேன்."