குறிப்புக் கட்டத்தில் நீர்க்காகம்

இருபத்தாறு ஆண்டுகளாக ஓர் ஆற்றின் உயரத்தைக் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் சென்டிமீட்டர் பிசகாமல் அரசாங்கத்துக்குச் சொல்லிவந்த மனிதர், தம் மனைவியின் உயரம் என்னவென்று மருத்துவமனை நர்ஸ் கேட்டபோது திருதிருவென்று விழித்தார். "என் தோள் வரைக்கும் வருவாம்மா" என்றார் கடைசியில். அதை எந்த அலகில் எழுதுவதென்று தெரியாமல் நர்ஸ் ஒரு கோடு போட்டுவிட்டாள்.

ஆபீசில் அவருக்குப் பெயர் அளவுக்காரர். வேலை மிக எளியது. அதனாலேயே அதற்கு நான்கு பக்க விதிமுறை இருந்தது. கரைப்படிகளில் இறங்கி, தண்ணீரில் நட்டிருக்கும் அளவுகோலில் நீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து, பதிவேட்டில் எழுதி, ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'குறிப்பு' என்றொரு கட்டம். மரம் அடித்துவந்தாலோ கரை சரிந்தாலோ எழுதுவதற்காக. அந்த ஆறு பரம சாது. இருபத்தாறு வருடமும் அவர் அந்தக் கட்டத்தில் எழுதிய ஒரே சொல்: ஒன்றுமில்லை.

மனைவி அந்த ஆற்றுக்கு 'மூத்தவ' என்று பெயர் வைத்திருந்தாள். "மூத்தவளப் பாத்தாச்சா? இன்னிக்கு எவ்வளவு பெருத்திருக்கா?" என்று கேட்காமல் காபியைக் கையில் கொடுத்ததில்லை. மருத்துவமனையில் கடைசி நாள் சாயங்காலமும் அவள்தான் விரட்டினாள்.

"கிளம்புங்க. நீங்க போகலேன்னா மூத்தவ கோவிச்சுக்கிட்டு அப்படியே நின்னுடுவா."

"இன்னிக்கு ஒருநாள் நிக்கட்டுமே."

"ஊர் நாறிடும். போயிட்டு வாங்க."

போனார். 1.84. ஒன்றுமில்லை. மை காய்வதற்குள் போன் அடித்தது. உயிர் பிரிந்தது ஐந்து ஐம்பத்தெட்டுக்கு என்றார்கள். அதாவது, அவள் போய் இரண்டு நிமிடம் கழித்து, அரசாங்க முத்திரை குத்திய பதிவேட்டில், தம் கைப்பட, 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார் கணவர்.

பதினைந்து நாள் விடுப்பு முடிந்து திரும்பிய காலையில் எண்ணை எழுதினார். அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. கட்டத்தைக் காலியாக விடுவதும் விதிப்படி குற்றம். என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தூக்கினார். நாணல் ஓரமாக ஒரு முக்குளிப்பான் போய்க்கொண்டிருந்தது. முதுகில் மூன்று குஞ்சுகள். கடைக்குட்டி வழுக்கி விழுந்து, கத்தி ஊரைக் கூட்டி, மறுபடி ஏறியது. அப்படியே எழுதினார்.

அன்று வீட்டில் ஒரு வாய் சோறு இறங்கியது. அதுவரை குக்கர் விசிலை எண்ணச் சொல்லி உள்ளிருந்து குரல் கொடுக்க ஆளில்லாமல் மூன்று முறை அடிப்பிடித்திருந்தது.

அதன்பின் தினமும் அரைமணி முன்னதாகவே படிக்குப் போனார். நீர்நாய் ஒன்று மல்லாந்து மிதந்து, மீனை நெஞ்சில் வைத்துக் கடித்தது. மீன்கொத்தி ஒன்பது முறை குதித்து ஒன்பது முறையும் வெறும் வாயோடு திரும்பியது. துறையில் அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் சிலரின் ஞாபகம் வந்தது. அந்த ஜீவன்கள் எதுவும் அவரிடம் துக்கம் விசாரிக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

ஆபீசில் போனை எடுக்கும் குமாஸ்தாவுக்கு இது தொடர்கதை ஆகிவிட்டது.

"அண்ணே, மட்டம் கிடக்கட்டும், அந்தக் கடைக்குட்டி என்னாச்சு?"

"தானா நீந்துது தம்பி."

"அடி சக்கை! இருங்க, அக்கவுண்ட்ஸ்ல கேட்டுட்டே இருக்காங்க, சொல்லிட்டு வரேன்."

இப்படி ஒரு மகிழ்ச்சி ஆபீசில் பரவினால் மேலிடத்துக்குத் தெரியாமல் இருக்குமா? மெமோ வந்தது. 'காலை 6.22. தாமதத்துக்குக் காரணம்: அளவுகோலின் உச்சியில் நீர்க்காகம் சிறகு காயவைத்துக்கொண்டிருந்தது, இறங்கினால் பறந்துவிடும், துரத்த மனம் வரவில்லை' என்ற அவருடைய குறிப்பை மேற்கோள் காட்டி, இதற்கும் வெள்ள எச்சரிக்கைக்கும் உள்ள தொடர்பை விளக்குமாறும், தவறினால் ஸ்டோர் ரூமுக்கு மாற்றப்படுவீர் என்றும் கண்டிருந்தது. ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது.

விளக்கம் போகவில்லை. மெமோ அனுப்பிய பொறியாளர் அம்மாளே ஒருநாள் காலை நேரில் வந்துவிட்டார். அளவுக்காரருக்கு மகள் வயதிருக்கும். நீர்க்காகம் உச்சியில் சிறகு விரித்து உட்கார்ந்திருந்தது. அளவுக்காரர் மேல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"மணி ஆறாச்சு ஐயா."

"தெரியும் மேடம். அது இன்னும் காயல."

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், பிறகு கைக்குட்டையை விரித்துப் படியில் உட்கார்ந்தார்.

"மேடம், ஸ்டோருக்குப் போகச் சொன்னா போறேன். போறதுக்கு முன்னால ஒரு திருத்தம் பண்ணணும். சிவப்பு மையில, உங்க கையெழுத்தோட." பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

"1.84 தப்பா?"

"சரிதான்." அவர் விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. "இதுதான் தப்பு. அன்னிக்கு என் வீட்டுக்காரி போயிட்டா."

அம்மாள் தேதியை வெகுநேரம் பார்த்தார். "ஆத்துல எதுவும் நடக்கலையே ஐயா. இது ஆத்தோட பதிவேடு."

"ஆமா மேடம். ஆத்துல ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணு செய்யலாம்." அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு சாயங்காலம் இங்க ஏதாவது பறவை, மிருகம் இருந்துச்சா? விட்டுப்போச்சுன்னு சேத்துக்கலாம். அந்த வார்த்தைய அடிச்சிடலாம். நான் கையெழுத்துப் போடறேன்."

ஒரு கொக்கு என்று சொன்னால் போதும். ஆற்றங்கரையில் கொக்கு நின்றது என்றால் எந்தத் தணிக்கையும் சந்தேகப்படாது. அளவுக்காரர் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடத்தில் ஒரு சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லாத நாக்கு அது.

"பாக்கல மேடம்" என்றார். "அவகிட்ட சீக்கிரம் திரும்பணும்னு ஓடிவந்தேன். தலையத் தூக்கவே இல்ல. என்ன இருந்துச்சோ... எதையும் பாக்கல." மருத்துவமனையில் அழாதவர், வீட்டில் அழாதவர், மேலதிகாரி முன்னிலையில், பணி நேரத்தில், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

நீர்க்காகம் பறந்துபோனது. அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வழுக்கும் படிகளில் தாமே இறங்கி, குனிந்து பார்த்து, அங்கிருந்தபடியே ஆபீசுக்குப் போன் செய்தார்.

"ரெண்டு புள்ளி பூஜ்யம் ஏழு. ஆமா, நான்தான் பேசறேன். குறிப்பா? நீர்க்காகம் ஒண்ணு. காய இருபது நிமிஷம் ஆச்சு." சற்று நிறுத்தினார். "ஆமாங்க, அப்படியே எழுதுங்க."