மேலதிகாரியை மலையேற்றிய நாள்

மலை நடைக் குழுவில் எல்லோரும் அவளைத் தபால்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் தோளில் பையோடு தெருத்தெருவாக நடந்தவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும், எந்த மாடியில் அழைப்புமணி வேலை செய்யாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுக்கு ஐம்பத்தோரு வயதானபோது ஒரு புது மேலதிகாரி வந்தார். அவள் நடந்து ஒரு நாள்கூடப் பார்த்திராதவர், ‘நடை மந்தம், வெளிவேலைக்குத் தகுதியில்லை’ என்று ஒரே வரியில் அறிக்கை எழுதினார். அதோடு அவள் ஜன்னல் இல்லாத பின்னறைக்குப் போனாள். ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம், குழல்விளக்கின் கீழே கடிதங்களைப் பிரித்துப் பிரித்து அடுக்கினாள்.

“வீட்ல உக்காந்து என் உயிரை வாங்காதம்மா, போய் நட” என்று மகள்தான் இந்த ஐந்து நாள் மலை நடைக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்தாள். முதல் நாள் காலை வரிசையில் நின்றவர்களில் ஒருவர் அந்த மேலதிகாரி. புத்தம்புதுக் காலணி, கையில் இரண்டு ஊன்றுகோல். அவளைப் பார்த்து, புதிதாகச் சந்திப்பவரைப் போலச் சிரித்தார்.

“தினம் பத்தாயிரம் அடி நடக்கிறவன் நான்” என்று வழியெல்லாம் அவர் அளந்துகொண்டே வந்தார். இரண்டு நாள் அவள் அந்தப் புதுக் காலணியையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றாம் நாள்தான் இருப்பதிலேயே நீளமானது. இருபத்தாறு கிலோமீட்டர். காலையிலேயே ஒருவருக்குக் கணுக்கால் பிசகியதால் வழிகாட்டி பின்தங்க வேண்டியதாயிற்று. அவளைத் தனியாக அழைத்துச் சொன்னான்:

“அக்கா, நீங்க நல்லா நடக்கிறீங்க. முன்னாடி போறவங்களைக் கூட்டிட்டுப் போங்க. பாதை பிரியற இடத்துல வலதுபக்கம் போகாதீங்க, ஒரே செங்குத்து. இடதுபக்கம் சுத்துவழி, அதுல போங்க.”

அவளோடு மேலதிகாரியும், ஒரு டீச்சரும், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் வந்தார்கள். பாதை பிரியும் இடத்தில் அவள் ஒரு கணம்கூடத் தயங்காமல் வலதுபக்கம் திரும்பினாள்.

ஏற்றம் நெஞ்சில் முட்டியது. அவள் விறுவிறுவென்று ஏறிப்போய் ஒரு பாறையில் உட்காருவாள். நாக்குத் தள்ள அவர் வந்து சேர்ந்ததும் எழுந்துவிடுவாள்.

“கிளம்பலாமா சார்?”

“கொஞ்சம் உக்காரலாமே” என்றாள் டீச்சர்.

“சாருக்கு முடியலைன்னா உக்காரலாம்.”

“யாருக்கு முடியல? நடங்க, நடங்க” என்றார் அவர். அந்த ரோஷத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

நான்காவது முறை அவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். காலணியைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் காலுறை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. அவள் எதிரில் வந்து நின்றாள்.

“என்னைத் தெரியுதா சார்?”

“தெரியலையேம்மா.”

அலுவலகத்தைச் சொன்னாள். பின்னறையைச் சொன்னாள். அந்த ஒரு வரியை எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்து யோசித்தார்.

“ஆமா… வெளிவேலையில நாலு பேரைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. பட்டியல்ல முதல்ல இருந்த நாலு பேருக்கும் அதையே எழுதினேன். உங்களை நான் பார்த்ததுகூட இல்ல.”

ஏதோ ஒரு பகை, ஏதோ ஒரு வெறுப்பு என்று ஒன்பது வருடம் அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். அதுகூட இல்லையாம்.

“அப்ப இன்னைக்கு நல்லாப் பாத்துக்கோங்க” என்றாள். பையில் ஒரு பாட்டில் தண்ணீர் முழுசாக இருந்தது. கொடுக்காமல் ஏறிப்போனாள்.

முகட்டுக்கு அப்பால் சாலை. நடக்க முடியாதவர்களை ஏற்றிப்போக அங்கே ஜீப் நின்றது. ஒருமுறை ஏறிவிட்டால் மீதி நாட்களில் நடையில் சேர முடியாது என்பது குழுவின் விதி. சுற்றுவழியாக வந்த வழிகாட்டி அவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தான். கல்யாண ஜோடியின் தோளைப் பிடித்து நொண்டி வந்தவரைப் பார்த்ததும் அவனுக்கு முகம் சுருங்கியது.

“இடதுபக்கம்னு சொன்னேனே அக்கா?”

“சொன்னீங்க.”

அவன் கோபத்தை அடக்கிக்கொண்டு, ஜீப்பில் ஏறுபவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டைத் திறந்தான்.

“சாரால நடக்க முடியலைன்னு தெளிவா எழுதுங்க” என்றாள் அவள்.

மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் விடுதியில், பக்கத்துக் கட்டிலில் டீச்சர் கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“ஜீப்புல ஏறும்போது அந்த மனுஷன் அழுதாரு. உங்களால எங்க காலும் போச்சு.”

“உங்க காலுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன் டீச்சர். அவர் காலுக்குக் கேக்க மாட்டேன்.”

டீச்சர் தலையணையை எடுத்துக்கொண்டு வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மீதி இரண்டு நாளும் வழிகாட்டி அவளைக் கடைசியில்தான் நடக்கவிட்டான். யாரும் அவளோடு பேசவில்லை. வருத்தம் வருகிறதா என்று அவளே ஓரிரு முறை மனதைத் துழாவிப் பார்த்தாள். டீச்சர் முகம் மட்டும் வந்துபோனது. மற்றபடி நன்றாகப் பசித்தது, படுத்ததும் தூக்கம் வந்தது.