ஊர் சுற்றிய கறுப்புக் கண்ணாடி

விடுதி நர்ஸை மாணவிகள் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காது வலித்தாலும் கண் வலித்தாலும் இரண்டு சொட்டு விட்டுத்தான் அனுப்புவார். பதினாறு வருஷமாக மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, கால் ஆடும் ஒரு ஸ்டூல். விடுதியில் கண்வலி பரவியபோது, அந்த ஸ்டூலில் ஆடிக்கொண்டே எட்டு விதிகள் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கண்ணைக் கசக்காதே, துண்டை இரவல் கொடுக்காதே, சோப்புப் போட்டுக் கை கழுவு... அதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தது ஒரு பல்லி மட்டுமே.

போனில் வேறு வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. கண்வலிக்காரியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும், கறுப்புக் கண்ணாடி போட்டால் தப்பலாம் என்று எவரோ வீடியோ போட, ஆறு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். ஆறு லட்சம் பேர் பார்த்தது பொய்யாகுமா? இரண்டாம் வருஷ ரீல்ஸ் ராணி, கறுப்புக் கண்ணாடி மாட்டித் தலையைச் சிலுப்பி ஒரு ரீல் போட்டாள். விடுதியே சொக்கிப்போனது.

புதன்கிழமை வார்டன் வந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள முப்பது மாணவிகளுக்குக் கண்வலின்னு ஆச்சுன்னா விடுதியைப் பூட்டச் சொல்லிட்டாங்க. பரீட்சையும் ஒரு மாசம் தள்ளிப்போகுமாம்."

கடைசி வருஷத்தில் பன்னிரண்டு பேருக்கு வேலை கிடைத்திருந்தது. பரீட்சை தள்ளிப்போனால் வேலை அம்போ. சொட்டக்கா கண்வலிக்காரிகள் பெயரை எழுதும் நோட்டிலோ அதற்குள் இருபத்தாறு.

அறை வேறு, மாடி வேறு. பிறகு எப்படித் தாவுகிறது? சொட்டக்கா ஒருத்தியின் போனை வாங்கி ரீல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லார் மூக்கிலும் ஒரே கண்ணாடி. இடது மூலையில் அதே கீறல். ரீல் போட்ட வரிசையும் நோட்டில் பெயர் ஏறிய வரிசையும் அச்சு அசல் ஒன்றே. இரண்டு நாள்தான் வித்தியாசம்.

"ராணி, இங்க வாடி!"

ராணி வந்தாள். கண் தக்காளி மாதிரி இருந்தது. இருபத்தேழு.

"கண்ணாடி யாருதுடி?"

"என்னுதுதான்க்கா. ஆளுக்கு ஒரு ரீலுக்குக் குடுத்தேன். முந்தாநாள்தான் திரும்பி வந்துச்சு. நானும் மறுபடி ஒண்ணு போட்டேன்."

"கிருமிக்கு ஓசி பஸ் விட்டிருக்கே!"

சிரிக்கப் போன ராணி அழுதுவிட்டாள். "எங்கக்காவும் அந்தப் பன்னிரண்டு பேர்ல ஒருத்திக்கா."

"சரி, கையைக் கண்ணுகிட்ட கொண்டுபோகாம அழு. அப்புறம் போனை எடு."

சொட்டக்கா கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி அலமாரியில் வைத்துப் பூட்ட, ராணி படம் பிடித்தாள். கடைசியில் தன் முகத்தைக் காட்டினாள். "என்னை நல்லாப் பாத்துக்கோங்கடி. பாத்தா ஒட்டாது. என் கண்ணாடியைப் போட்டாத்தான் ஒட்டும்!"

சாயங்காலத்துக்குள் குழாயடியில் சோப்பு தீர்ந்துபோனது. வியாழன் இருபத்தெட்டு. வெள்ளி காலை இருபத்தொன்பது. அப்புறம் சொட்டக்கா முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தார். அவர் கண்ணே சிவந்திருந்தது. புதன்கிழமை அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழுவுவதற்கு முன்னால், யாரும் பார்க்காதபோது, அதை மாட்டி ஒரே ஒரு தடவை அழகு பார்த்தது நினைவுக்கு வந்தது.

நோட்டில் முப்பது என்று எழுதப் போனார்.

"சொட்டக்கா, நீங்க மாணவியா?" என்று, கணக்குப் பார்க்க வந்த வார்டன் பேனாவைப் பிடுங்கினார்.

"எட்டாங்கிளாஸ்ல ரெண்டு வருஷம் இருந்திருக்கேனே."

"அதெல்லாம் கணக்குல வராது. போய்ப் படுங்க."

கதவைத் தட்டிவிட்டு ராணியின் அக்கா உள்ளே வந்தாள். திங்கட்கிழமைப் பரீட்சைக்கான புத்தகம் கக்கத்தில். கழுவிய கையில் இன்னும் ஈரம்.

"கண்ணைக் கசக்காதீங்கக்கா. மேலே பாருங்க. ரெண்டே சொட்டுதான்."