தவறிய துடிப்பைக் காட்டியவள்

சிவாஜிநகரில் துணிக்கடை வாசலில் நின்றிருந்தபோதுதான் சுகுணாவின் கணவர் போன் செய்தார். பஸ் நிலையத்துக் கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பாவம், சுகுணா போய்விட்டாள் என்ற சேதியை அந்த மனிதரைத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டேன். கையிலிருந்த துணியை வைத்துவிட்டு, எந்த பஸ் என்று பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

பொம்மசந்திரா அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவமனைக் கட்டிலருகே இதயத் துடிப்பை அலையாகக் காட்டும் கருவிக்கு நாங்கள் இருவரும் புரோகிராம் எழுதினோம். நான் வேலூரிலிருந்து பிழைக்க வந்தவள். அவள் தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர்க்காரி. கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். எனக்குப் பாதி புரியாது. அதனாலேயே எங்கள் சண்டைகள் சீக்கிரம் முடிந்துவிடும்.

கருவிக்கு நொடிக்கொரு முறை புதிய அளவுகள் வரும். அவற்றுக்கு இடம்விட, மெமரியில் இருக்கும் பழைய அளவுகளை அதே வரிசையில் தள்ளி நகலெடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று படுவேகம். ஆனால் எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், இன்னும் எடுக்காததன் மேலேயே எழுதிவிடும். மற்றது எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று பார்த்துவிட்டுத் தொடங்கும், கொஞ்சம் மெதுவு. மேலாளர் வேகமானதைப் போடச் சொன்னார். சோதனையில் அலை வழுக்கிக்கொண்டு ஓடியது. நாங்கள் கை தட்டினோம்.

சுகுணா தட்டவில்லை. "பஸ் சீட்ல எல்லாரும் ஒரு எடம் நகரணும்னா, காலி சீட்டுப் பக்கத்துல இருக்கறவங்கதானே மொதல்ல நகரணும்? இந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிச்சா அடுத்தவங்க மடியிலதான் உக்காரணும்" என்றாள்.

எங்கள் சோதனைப் பெட்டி கொடுத்தது கடிகாரம் போல நொடிக்கொன்றாக ஒரே மாதிரித் துடிப்பு. ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதினாலும் யாருக்குத் தெரியும்? அவள் அதில் வேண்டுமென்றே ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டாள். அந்த வெற்று நொடியே மற்ற எல்லாவற்றின் மேலும் எழுதப்பட்டு, திரை முழுதும் தட்டையானது. அடுத்த நொடியே, எதுவும் நடக்காதது போல, வரிசையாக நல்ல துடிப்புகள். தவறிய துடிப்பைக் காணோம்.

மருத்துவமனைக்காரர்கள் வரும் வாரம் பார்க்க வருகிறார்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம், இப்போது சோதனை சரி என்று கையெழுத்துப் போடு என்றார் மேலாளர் அவளிடம். மறுத்தால் வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார்.

"அனுப்புங்க சார். சும்னே பிடிவாதம் பண்ணல. அந்தக் கட்டில்ல யாரோ ஒருத்தர் படுத்திருப்பாங்கல்ல?" என்றாள். 'சும்மா' அவள் வாயில் கன்னட 'சும்னே' ஆகிவிடும்.

கருவி திருந்திய பிறகுதான் வெளியே போனது. அவளையும் சொன்னபடியே மாற்றிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் அவளுக்கு வரவில்லை. போகும்போது கூட, வேகமானதை ஒரேயடியாகத் தூக்கி எறிந்துவிடாதே, பிரின்டருக்கு அனுப்பும் இடத்தில் அதையே போடு, அங்கே எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் தொட்டுக்கொள்ளவே கொள்ளாது என்று எனக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் போனாள். ராங்கிக்காரி.

கடைசியாக அவளைப் பார்த்தது மருத்துவமனையில். தலைமாட்டில் வேறு ஏதோ நிறுவனத்தின் கருவி. பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய துடிப்பு ஒன்று தவறியது. எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ திரையையே பார்த்தாள். அந்த இடைவெளி இடைவெளியாகவே நகர்ந்து, திரையின் ஓரம் வரை போய் மறைந்தது.

"பாத்தியா, மறைக்காம காட்டுது. யாரோ ஒழுங்கா எழுதியிருக்காங்க" என்று சிரித்தாள்.

முகம் தெரியாத அந்த யாரோ ஒருவரை மெச்சிய அவள் குரலை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.