சத்தம் போடாத கேமரா

போன செவ்வாய்க்கிழமை, பட்டாபிராமில் எங்கள் ஸ்டூடியோவுக்கு ஒரு பெரியவர் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர். ஸ்டூலில் உட்கார்ந்தார், காலரை இழுத்துவிட்டார், மூச்சைப் பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை!

"இன்னாம்மா, எப்பதான் எடுப்ப? கண்ணு எரியுது" என்றார் கடைசியில்.

"எடுத்து முடிச்சுட்டேன் ஐயா. பத்து போட்டோ" என்றாள் என் மனைவி செல்வி.

"சத்தமே வர்லியே... என்னாண்டயே டபாய்க்கிறியா?"

தப்பு எங்கள் மேல்தான். கேமரா புதுசு. முந்தைய நாள் ஆஃப் பண்ணிய சத்தத்தைத் திரும்ப ஆன் பண்ண மறந்துவிட்டாள். ஏன் ஆஃப் பண்ணினாள்? அதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — செல்விக்கு ரெண்டு வேலை. ஸ்டூடியோ ஒன்று. ஒரு தினசரிக்கு ஆவடி, அம்பத்தூர் பக்கத்துச் செய்திப் படங்கள் எடுத்து அனுப்புவது இன்னொன்று. ரெண்டுக்கும் ஒரே கேமராதான். அந்தப் பழைய கேமராவில் பட்டனை அழுத்தினால் கதவை அறைந்து சாத்துகிற மாதிரி 'டப்'பென்று சத்தம் வரும்.

போன மாதம் கோவில்பதாகையில் ஒரு குறைதீர் கூட்டம். ஒரு அக்கா மைக் முன்னால் நின்று, வீட்டுக்குள் கழிவுநீர் வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் நடுங்குகிறது. அதிகாரி எழுதுவதற்குப் பேனாவை எடுக்கிறார்... செல்வி 'டப்'பென்று ஒரு படம் எடுத்தாள்.

அவ்வளவுதான். அக்கா பேச்சை நிறுத்தினார். கேமராவைப் பார்த்தார். முந்தானையைச் சரி பண்ணினார். சிரித்தார்!

அவரை எப்படிக் குறை சொல்வது? கேமரா சத்தம் கேட்டால் நம்மில் யாருக்குத்தான் கை தானாகத் தலைமுடிக்குப் போகாது? ஆனால் அதிகாரி அதையெல்லாமா யோசிப்பார்? இந்தம்மா சிரிக்கிறாங்களே, பெரிய பிரச்னை இல்லை போல என்று நினைத்துவிட்டார். "சரிம்மா, பாக்கறோம். அடுத்தது யாரு?" என்று பேனாவை மூடினார். அக்கா மைக்கை விட்டு நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த செல்வி அழுதுவிட்டாள். "அவங்க பேச வந்தத நான்தாங்க கெடுத்தேன்." அந்தப் படத்தை அவள் அனுப்பவே இல்லை.

அந்த வாரமே கேமரா வாங்கக் கிளம்பினோம். நான் சும்மா இருப்பேனா? மூன்று நாள் யூடியூப் பார்த்து மெகாபிக்சலில் டாக்டர் பட்டமே வாங்கியிருந்தேன். "இதை எடு. கல்யாண மண்டப வாசலில் ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டு வைக்கலாம்" என்றேன். சேல்ஸ்மேனும் என் கட்சி. "ஸ்டூடியோவுக்கு இதான் பெஸ்ட் மேடம். மூஞ்சில ஒரு சின்ன பரு இருந்தாக்கூட பளிச்னு தெரியும்."

"அது தெரியக் கூடாதுன்னுதாங்க எங்க கஸ்டமர்ஸ் வர்றாங்க" என்றாள்.

பக்கத்தில், அதில் பாதி மெகாபிக்சல்கூட இல்லாத ஒன்றை எடுத்தாள். மெனுவில் என்னமோ தட்டினாள். சேல்ஸ்மேன் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். அவர் முடித்ததும் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். இருபது படம்! வாயைப் பிளந்தபடி, மூக்கைச் சொறிந்தபடி... மனுஷனுக்குத் தெரியவே இல்லை.

"ஸ்டூடியோ பிரிண்டுக்கு இது தாராளம்ங்க. எனக்கு இதுதான் வேணும்."

"திருட்டுத்தனமா எடுக்கவா?" என்று சீண்டினேன்.

முறைத்தாள். "கேட்டுட்டுத்தான் எடுப்பேன். ஆனா அவங்க பேசறப்போ குறுக்க நிக்க மாட்டேன்."

என் டாக்டர் பட்டம் அந்தக் கடையிலேயே பறிபோனது.

போன திங்கள்கிழமை மறுபடி கூட்டம். நானும் போயிருந்தேன். செல்வி நேராக அந்த அக்காவிடம் போனாள். "படம் எடுக்கட்டுமாக்கா?"

"எடு கண்ணு. பேப்பர்ல வந்தாலாச்சும் பயம் இருக்கும்."

அக்கா பேசினார். கட்டிலுக்கடியில் தண்ணீர், நனைந்துபோன ஸ்கூல் பை, பிள்ளைக்கு விடாத காய்ச்சல்... ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. மூன்றடி தள்ளி என் செல்வி படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். சத்தம்? ம்ஹூம்! அதிகாரி கடைசிவரை எழுதினார். "நாளைக்குக் காலையில கழிவுநீர் எடுக்க லாரி வரும்மா" என்றார்.

வெளியே வந்த அக்காவுக்கு முகம் வாடியிருந்தது. "ஏன் கண்ணு, எடுக்கறேன்னு சொன்ன... எடுக்கவே இல்லியே?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கேயே கை தட்டியிருப்பேன். செல்வி பார்த்த பார்வையில் அடங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலைப் பேப்பரில் படம் வந்துவிட்டது. அதிகாரியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிப் பேசும் அக்கா, கீழே செல்வியின் பெயர். கொஞ்ச நேரத்தில் போன்: "லாரி வந்துட்சு கண்ணு!"

அந்தப் பேப்பரைத்தான் கண் எரிந்த பெரியவரிடம் நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னேன். நிதானமாகப் பார்த்தார். செல்வியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சோக்கா கீதும்மா" என்றவர், மறுபடி ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். "எனுக்கு மட்டும் சத்தத்தோட ஒண்ணு எடு. அப்பதான் எடுத்த மாதிரி இருக்கும்."

சத்தமில்லாமல் படம் எடுப்பது அவள் வேலை. அதை ஊரெல்லாம் சொல்லித் திரிவது என் வேலை!