அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை

என் பெரியப்பா பொய் சொல்கிறார். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஆரம்பித்தார். இப்போது என் மகள் காலேஜுக்குப் போகிறாள், அவர் இன்னும் நிறுத்தவில்லை. மறியல் நடந்த வாரத்தில் என் அத்தையும் மாமாவும் சொல்லாமல் கொள்ளாமல் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் அந்தப் பொய். போன மாதம் அவருடைய பேத்தியின் வளைகாப்பில்கூடச் சொன்னார். "புள்ள பொறந்தா பத்திரமா வெச்சிக்கம்மா. இந்தச் சின்ன ஆயா தூக்கிக்கினு பூடும்" என்று அத்தையைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை அங்கேயே நின்றிருந்தாள். அத்தைக்குப் பிள்ளை இல்லை.

சிரித்தவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அத்தை என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தங்கை. அத்தையும் மாமாவும் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார்கள். மாமா சமைத்தார், அத்தை அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவது வருஷம் அந்தக் குடும்பம் வேறு நாட்டுக்குப் போனது, இவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே நிலமும் இல்லை, வீடும் இல்லை. வேலை எங்கே இருந்ததோ அங்கே போனார்கள். கரும்பு வெட்டும் மாதங்களில் மூங்கில்துறைப்பட்டில் வெட்டு ஆட்களுக்குச் சோறாக்கினார்கள். அது முடிந்ததும் உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலில் மாமா புரோட்டா போட்டார், அத்தை மாவாட்டினாள். வேலை இல்லாத நாட்களில் வடக்கனந்தலில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு வருவார்கள். சூட்கேஸைப் பார்த்ததும், "ஃபாரின்காரங்க வந்துட்டாங்க, ஒலைய வைங்க" என்பார் பெரியப்பா. அவர்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். குவைத்தில் பழகியது. பெரியப்பாவுக்கு அது பிடிக்காது. பாதிச் சோற்றில் எழுந்து போவார்.

நானும் அம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தோம். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எனக்குக் காதில் சீழ் வைத்தது. பெரியப்பா கள்ளக்குறிச்சி டாக்டரிடம் கூட்டிப் போனார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல், இனி ஒரு வாரத்துக்கு வண்டி ஓடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு பஸ் உள்ளே வந்தது. அது நிற்கும் முன்பே ஜனம் ஓடியது. பெரியப்பா போர்டைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை என் கையில் திணித்து, என்னைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். "எடம் புடி, வந்துர்றேன்" என்றார். எல்லோரும் செய்கிற காரியம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வரவில்லை. தெரிந்த ஆள் ஒருவரைப் பார்த்துவிட்டார். பஸ் கிளம்பும்போது அவர் கையில் டீ கிளாஸ் இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

பார்த்தும் அழவில்லை. இடம் பிடிக்கச் சொன்னார், பிடித்துக்கொண்டிருந்தேன். துண்டை விரித்து அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன். ஒரு கிழவர் உட்காரப் பார்த்தார்.

"ஆளு வராங்க!"

"எங்கடி வராங்க? வண்டி ஊர தாண்டிப் பூட்ச்சி."

"வராங்க!"

பஸ்ஸே சிரித்தது. முன்னால் நின்றிருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அத்தை.

"அடியே, நீ எங்கடி இங்க? யாரு கூட வந்த?"

"பெரியப்பா கூட."

"அவரு எங்க?"

"டீ குடிக்கிறாரு."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அந்த பஸ் எங்கள் ஊர் வழியாகப் போவதே இல்லை. சங்கராபுரம் போய், கல்வராயன் மலையின் அந்தப் பக்கம் ஏறுகிற பஸ். கூட வந்திருந்த மாமா, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் கெஞ்சினார். "சங்கராபுரத்துல எறங்கி எதிர் வண்டி புடிங்க. இம்மாம் பேர வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றார் கண்டக்டர்.

சங்கராபுரத்தில் எதிர் வண்டி எதுவும் வரவில்லை. வழியெல்லாம் புளியமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்றார்கள். மலையில் ரோடு போடும் ஆட்களுக்குச் சமைக்க அத்தைக்கும் மாமாவுக்கும் வேலை கிடைத்திருந்தது. அங்கே தங்கக் கொட்டகை இருந்தது. தெரியாத ஊரில் பிள்ளையை வைத்துக்கொண்டு ரோட்டில் உட்காரலாம், அல்லது அதே பஸ்ஸில் மலைக்குப் போகலாம். மாமா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "யல்லா, பாப்பா" என்றார். குவைத்தில் கற்ற வார்த்தை, கிளம்பு என்று அர்த்தம். ஏதாவது அவசரமென்றால் அதுதான் அவர் வாயில் வரும்.

மூன்று நாள் மலையில் இருந்தோம். தார் வண்டி மேலே வர முடியாததால் ரோடு வேலை நின்றது, சமையல் வேலையும் நின்றது. அத்தை காலையிலும் மாலையிலும் வளைவுவரை போய் பஸ் வருகிறதா என்று பார்த்தாள். "உங்கம்மா உசுர கையில புடிச்சிக்கினு கெடப்பா" என்று புலம்பினாள். எனக்குச் சந்தோஷம்தான். ஒரே தட்டில் மூன்று பேரும் சாமைச் சோறு சாப்பிட்டோம். கீழே எங்கோ போலீஸ்காரர்கள் சுட்டுவிட்டார்கள் என்று யாரோ சொன்ன அன்று அத்தை சாப்பிடவில்லை.

நாலாம் நாள் மாமாவுக்கு யோசனை வந்தது. "மரம் ரோட்டுலதானே கெடக்குது? மலைமேல இன்னா கெடக்குது?"

மலை உச்சியோடு நடந்து வெள்ளிமலைப் பக்கம் போய் இறங்கினால் எங்கள் ஊர். இரண்டு நாள் நடந்தார்கள். பாதி தூரம் நான் மாமா தோளில், சூட்கேஸ் அத்தை தலையில். வழியில் ஒரு மலைக் குடும்பம் தங்க இடம் கொடுத்தது. அந்த வீட்டுக்காரி அத்தையிடம், "ஒம் மவளா?" என்றாள். விளையாட்டாக நான் முந்திக்கொண்டு "ஆமா" என்றேன். அத்தை என் தொடையில் சுரீரென்று ஒன்று வைத்தாள்.

"அப்டி சொல்லாதடி. பெத்தவ அங்க அழுதுகினு கெடக்குறா." வீட்டுக்காரியிடம் திரும்பி, "இது எங்கண்ணன் பொண்ணு அக்கா" என்றாள்.

இவளைத்தான் பிள்ளை திருடி என்கிறார் பெரியப்பா.

உச்சி வெயிலில் ஊருக்குள் நுழைந்தோம். அம்மா எங்கிருந்தோ ஓடி வந்தாள். என் கை, கால், காது எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு தெருவிலேயே உட்கார்ந்து, அத்தையின் காலைக் கட்டிக்கொண்டாள். ஐந்து நாளாகக் குளிக்காத, சாப்பிடாத அம்மா. அவள் அழுகையில் அன்று துக்கமே இல்லை. அப்படி ஓர் அழுகை உண்டென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. வீடு வந்துவிட்டது, அடி விழவில்லை, அவ்வளவுதான் என் கணக்கு.

அப்போது பெரியப்பா வந்தார். தெருவே கூடியிருந்தது. "ஒரு வார்த்த சொல்லாம புள்ளைய இட்டுக்கினு போனா வூட்ல இருக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? நியாயமா இது?" என்று சத்தம் போட்டார்.

ஐந்து நாளும் ஊரில் அவர் சொல்லி வைத்திருந்தது அதுதான். நான் வாயைத் திறந்தேன். "பெரியப்பாதான்..." அதற்குள் அத்தையின் உள்ளங்கை என் வாயை மூடியது.

"தப்புதாண்ணா. சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றாள்.

மாமா அவளையே பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு இருவரும் கிளம்பிப் போனார்கள். மறுநாள் தலைக்கு ஊற்றும்போது ஜன்னல், துண்டு, டீ எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். "தெரியும். வாய மூடு" என்றாள்.

அத்தைக்கு அண்ணன் என்றால் பயம், அதனால்தான் பொய் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பா தெருவில் தலைகுனிந்திருந்தால், அந்தக் கோபத்தில் மறுநாளே வீட்டைவிட்டு வெளியே போயிருக்க வேண்டியது நானும் அம்மாவும் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. போக வீடில்லாமல் அலைவது எப்படி இருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் அத்தைக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அம்மா இப்போது என்னோடு, என் வீட்டில் இருக்கிறாள். இனி எங்களை யாரும் எங்கிருந்தும் அனுப்ப முடியாது. அதனால் இனி யாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதும் இல்லை. இதை எழுதுவதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

பெரியப்பா, கொள்ளுப் பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கும் அன்று எல்லோரும் வருவார்கள், அத்தையும் வருவாள். அன்று எழுந்து நில்லுங்கள். "என் தங்கச்சி புள்ளைய தூக்கிக்கினு போகல, கொண்டாந்து சேத்தா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது அத்தனை பேர் முன்னாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.